என் பேச்சால் நட்டம்

அன்பு செண்பகத்துக்கு,

நான் நலம். உன் முட்டிவலியும் வாயும் எப்படி இருக்கின்றன? போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

இங்கே சிங்கப்பூர் தேக்காவில் எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு லாபம் ஏன் குறைகிறது என்று முதலாளியின் மகள் இனியா ஒரு வாரம் ஆராய்ந்தாள். நான் கேலி பேசிப் பரிமாறும் மேசைகளில் ஆட்கள் லேசில் எழுந்திருப்பதில்லையாம், அடுத்து வருகிறவர்களுக்கு இடம் கிடைப்பதில்லையாம்.

"அண்ணே, இனிமே பேசாம பரிமாறுங்க லா."

"பேசாம இருக்கத் தனிச் சம்பளம் உண்டாம்மா?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடிகாரத்தையும் பார்த்தாள்.

அவள் சொன்னது சரிதான், இப்போது லாபம் கூடிவிட்டது. எனக்குத்தான் பேச ஆளில்லை. தங்கும் அறையிலும் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை.

ஊறுகாய் அனுப்பாதே. என்னை ஒரு மணி நேரம் நன்றாகத் திட்டி, போனில் பதிவு செய்து அனுப்பு. சத்தியமாகக் குறுக்கே பேச மாட்டேன்.

சாப்பிட ஆட்கள் வந்துவிட்டார்கள்.

உன்
மாயழகு