பங்குனிக்குள் அளக்க வேண்டிய புளியமரம்

அன்பு மகள் நதியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் நலம், உன் அப்பாவின் வாய் எங்கள் எல்லோரையும் விட நலம். நீ வேலை பார்க்கும் அந்தத் தீவில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நின்று கேட்பார், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இந்த வருடமும் லீவு இல்லை என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

மழையில் ஓடை பெருகி, நமக்கும் சின்னராசு சித்தப்பாவுக்கும் நடுவில் இருந்த எல்லைக்கல்லை அடித்துக்கொண்டு போய்விட்டது. வரப்போரத்துப் புளியமரம் யாருடையது என்று இரண்டு பேருக்கும் சண்டை. ஊர்க்கூட்டத்தில் உன் அப்பா, கடல் உயரத்தை அளக்கிற செயற்கைக்கோள் சரியா அளக்குதான்னு பாக்கணும்னா கீழ நாம நிக்கிற எடம் மொதல்ல கரெக்டா தெரியணும், எம் பொண்ணு ஆகாசத்துக்கு லேசரை வுட்டு அது திரும்பி வர்ற நேரத்தை வச்சே மயிரிழை தப்பாம அந்த எடத்தைச் சொல்லும், இந்த மரம் எம்மாத்திரம் என்று பெருமையடித்தார். சரி, நதியாவையே கேளு என்றார்கள். போன் போட்டாரே, நீயாவது சும்மா இருந்திருக்கலாம். அளக்கும்போது தரை நகர்வதையும் கணக்கில் சேர்ப்போம், நம் நாடே வருடத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை வடகிழக்காகப் போகிறது என்று நீ சொன்னதை அப்படியே கூட்டத்தில் ஒப்பித்துவிட்டார். சித்தப்பா நிலம் நமக்கு வடகிழக்கில்தானே இருக்கிறது. அப்போ இத்தினி வருசமா உன் நெலம் என் நெலத்துக்குள்ள பூந்துனு இருக்குதா என்று அவர் எழுந்துவிட்டார். தாத்தா காலத்திலிருந்து கணக்குப் போட்டால் மரம் மட்டுமில்லை, நம் மாட்டுக்கொட்டகையும் அவருடையதாம். அவர் பெண்டாட்டி மங்கம்மாள், நெலம் இன்னா அவுத்து வுட்ட ஆடா, அது நவுந்தா நம்முளுதும் கூடத்தான் நவுரும் என்றாள். யார் காதிலும் விழவில்லை. நதியா நேரில் வந்து சொல்லும்வரை யாரும் மரத்தைத் தொடக்கூடாது என்று கூட்டம் முடிந்தது.

இப்போது பழம் கனிந்து தொங்குகிறது. ஒருத்தர் உலுக்கிவிடுவாரோ என்று இன்னொருத்தர் காவல். பேச்சு வார்த்தை கிடையாது, ஆனால் குரங்கு வந்தால் மட்டும் சேர்ந்து துரத்துகிறார்கள், மங்கம்மாள் கொண்டுவரும் சாமைச் சோற்றை ஒரே தூக்கிலிருந்து சாப்பிடுகிறார்கள். நேற்று சித்தப்பாவைத் தனியாகப் பிடித்து, மரம் எங்களுடையது என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும் அண்ணி, ஆனா நான் வுட்டுக்குடுத்துட்டா அந்தப் பொண்ணு ஊருக்கு வர இன்னா காரணம் இருக்குது என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை அப்பாவிடம் சொல்லிவிடாதே, சண்டை முடிந்துவிடும்.

பங்குனிக்குள் வா. லீவு கேட்கும்போது புளியமரம் என்று சொல்லாதே, தரையில் ஓர் இடத்தைச் சரிபார்க்க அவசரமாகப் போக வேண்டும் என்று சொல், அது பொய்யில்லை. வேடியப்பன் உன்னை நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும். பளபளப்பாக ஏதாவது ஒரு கருவியை மறக்காமல் கையில் எடுத்து வா, வெறுங்கையோடு வந்தால் ஊர் நம்பாது.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா ஈஸ்வரி