பெட்டி எரிக்கப்பட்ட துப்பாக்கியின் பொருட்டு முத்தெறி தீவுக்கு எழுதிய ஓலை

அலை ஓயாத கடலின் நடுவே நிலை கலங்காது நிற்பதும், எத்திசைக் கலமும் அஞ்சாது அணையும் துறையுடையதும், செம்பையும் இரும்பையும் மெழுகெனக் குழைக்கும் கம்மியர் வாழும் வீதிகளுடையதுமாகிய முத்தெறி தீவின் முடி தாங்கி, செங்கோல் கோணாது வீற்றிருந்தருளும் பவழவல்லித் தேவியாரின் திருமுன்னர், கடம்பவரை நாட்டு வேந்தர் இளங்கடம்பரின் படைக்கலச் சாலைக்குப் பொறுப்பேற்ற அமைச்சன் நக்கன் மூவரையன் தலை தாழ்த்தி வரையும் ஓலை. தேவியாரின் துறையில் காற்று தவறாது வீசுக. வலைகள் நிறைந்து மீள்க. கடலேறிச் சென்றோர் அனைவரும் கரையேறுக. எம் மலையில் இவ்வாண்டு மழை இல்லை. ஆயினும் நும் நாட்டில் எக்குறையும் நேராதிருக்க வேண்டும் என்று எம் வேந்தர் வாழ்த்துரைக்கப் பணித்தார்.

வணிகரிடம் கொண்ட பொருளின் குறையை அந்நாட்டு அரசியாரிடம் முறையிடுவது வழக்கமன்று என்பதை யாம் அறியாதவரல்லேம். நும் தீவின் வளிக்கருவி வணிகர் குழுவுக்கு மூன்று ஓலைகள் விடுத்தோம். மூன்றுக்கும் விடை வந்தது. மூன்று விடையிலும் எமக்கு வேண்டியது ஒரு வரியும் இல்லை. எமக்கோ இனிப் பதின்மூன்று நாட்களே உள்ளன. ஆதலால் முறை தவறி எழுதுகிறோம், பொறுத்தருள்க.

எம் நாட்டின் வடமேற்கே நெடுங்கழை என்றொரு சிற்றூர் உண்டு. மூங்கில் வெட்டிப் பிழைக்கும் நாற்பது குடிகள் அங்கு வாழ்கின்றன. சென்ற ஆண்டு மலை முழுவதும் மூங்கில் பூத்தது. பூத்த மூங்கில் அனைத்தும் பட்டுப்போய், ஒரு தீப்பொறி விழுந்தாலும் பற்றிக்கொள்ளும் நிலையில் காய்ந்து நிற்கிறது. அக்காட்டில் ஒரு சிறுத்தை புகுந்து மனிதரைக் கொல்லத் தொடங்கியது. அம்பு எய்தால் கழைகளில் பட்டு விலகுகிறது. பொறி வைத்தால் சுற்றிக்கொண்டு போகிறது. வேல் பிடித்துச் சென்ற இருவரும் மீளவில்லை. வெடிமருந்துத் துப்பாக்கியால் சுடலாமெனின், அண்டையூரில் அவ்வாறு ஒருவர் சுட்டுப் பன்றி ஒன்று வீழ்ந்தது. முப்பது வீடுகள் எரிந்தன. அன்று முதல் அம்மலையில் மருந்து கொளுத்துவது அரச ஆணையால் விலக்கப்பட்டது.

இந்நிலையில்தான் நெருப்பும் புகையும் இன்றி, அடைத்த காற்றின் விசையாலேயே குண்டெறியும் துப்பாக்கி நும் தீவில் செய்யப்படுவதைக் கேள்வியுற்றோம். வேண்டிக் கேட்டோம். நும் வணிகர் மனமுவந்து ஒன்றை அனுப்பினர். ஓராண்டுக்குள் எப்பழுது நேரினும் தாமே செப்பனிட்டுத் தருவதாக, அன்றேல் மாற்றுக் கருவி தருவதாக, உத்தரவாத ஓலையும் உடன் வைத்தனர். அதை வாசித்த அன்று யாம் அடைந்த மகிழ்ச்சியை இப்போது எண்ணினால் வெட்கமாக இருக்கிறது.

பெட்டி வந்து சேர்ந்த முற்பகலில் பதினொருவர் முன்னிலையில் திறந்தோம். துப்பாக்கியின் அடிக்கட்டையாக அமைந்த செம்புக் காற்றுக்கலம் ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு நெளிந்திருந்தது. கலமும் குழலும் சேருமிடத்துத் தோல் வளையம் கிழிந்திருந்தது. சிறிது காற்று அடைத்துப் பார்த்தோம்; நண்பகலுக்குள் வெளியேறிவிட்டது. பெட்டியின் ஒரு மூலையும் உள்வாங்கி, கப்பல் வடம் அழுத்திய தடம் அதில் தெளிவாகப் பதிந்திருந்தது. கடல்வழியில் நேர்ந்த கேடு என்பதைக் குழந்தையும் சொல்லிவிடும்.

இங்கே எம் அறியாமையை மறைக்காது எழுத வேண்டும். எம் படைக்கலச் சாலைக்குப் புதிய ஆயுதம் வந்தால், அது வந்த பெட்டியை அன்றே பிளந்து, அவ்விறகால் வாயிற் கொற்றவைக்குப் பொங்கலிடுவது முன்னோர் நாள் முதல் உள்ள வழக்கம். ஆயுதத்துக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கலாகாது என்பது அதன் கருத்து. உறைவாள் வந்தபோதும் செய்தோம். பீரங்கி வந்தபோதும் செய்தோம். அன்றும் கை தானாகக் கோடரியை எடுத்துவிட்டது. கப்பலின் மேல் பழி சொல்லத்தக்க ஒரே சாட்சியை அடுப்பில் வைத்துவிட்டு, அதில் வெந்த பொங்கலை யாமும் இரு கை நிறைய வாங்கி உண்டோம். உள்ளே பரப்பியிருந்த வைக்கோலைச் சாலையின் எருதுகள் உண்டன.

முதல் ஓலைக்கு நும் குழுவின் துறைமுக முகவர் குணசாகரர் விடையளித்தார். கரையில் இறங்கிய ஒன்பது நாட்களுக்குள் பழுதைத் தெரிவித்திருக்க வேண்டும் என்றும், யாம் காலம் கடந்துவிட்டோம் என்றும் கூறினார். துறையிலிருந்து எம் மலைக்குப் பொதியெருதுகள் வந்து சேரவே பன்னிரண்டு நாள் ஆகும். பெட்டியைக் காண்பதற்கு முன்பே அதனுள் இருப்பது உடைந்திருக்கிறது என்று தெரிவிக்கும் கலை எமக்குக் கைவரவில்லை.

இரண்டாம் ஓலைக்குக் குழுவே விடையளித்தது. கருவியை அது வந்த பெட்டியில், வந்த வைக்கோலில், வந்த முத்திரையோடு திருப்பி அனுப்பினால் ஆராய்வோம் என்றது. எம் வழக்கத்தை விரித்தெழுதி, பெட்டி இப்போது இருக்கும் வடிவிலேயே காணட்டும் என்று அதன் சாம்பலை ஒரு கலயத்திலிட்டு அனுப்பினோம். நேர்மை காட்டவே அனுப்பினோம்; கேலி செய்யவன்று. அவர்கள் அதை அவமதிப்பாகக் கொண்டனர். பெட்டியைக் கோடரியால் பிளந்தவர்கள் கலத்தையும் கோடரியால் நெளித்திருக்கக் கூடும் என்று மூன்றாம் விடையில் எழுதிவிட்டனர். துப்பாக்கியை வெளியே எடுத்துப் பட்டு விரித்து வைத்த பின்னரே கோடரி எழுந்தது. பதினொருவரும் சொல்வர். சொல்லி என்ன பயன்? சாம்பல் சாட்சி சொல்லாது.

தேவியாரே, இதுவரை எழுதியது வணிகரின் குற்றம். இனி எழுதப்போவது என் குற்றம். 'யாம்' என்று எழுதி இதைச் சாலையின் தலையில் ஏற்ற மனம் இடங்கொடுக்கவில்லை. நான் என்றே எழுதுகிறேன்.

பெட்டியைத் திறந்த அன்றே எம் சாலைக் கொல்லன் சாத்தன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எருமைத் தோலில் புதிய வளையம் வெட்ட அரை நாள் போதும் என்றான். கலத்தின் நெளிவை மட்டும் தன்னால் கணிக்க இயலாது, ஆயினும் முயன்று பார்க்கலாம் என்றான். நான் தடுத்தேன். வேற்றுக் கை கருவியின் திருகைத் தொட்டால் உத்தரவாதம் அன்றே செத்துவிடும் என்று ஓலையில் எழுதியிருந்ததைக் காட்டினேன். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது நாமே அதைக் கெடுத்துக்கொள்ளலாமா என்று அவனையே கேட்டேன். துப்பாக்கியைப் பேழையில் வைத்து என் முத்திரையை இட்டேன். ஓலை போகவும் வரவுமாக நாற்பத்திரண்டு நாட்கள் கழிந்தன.

பெட்டி வந்தபோது நெடுங்கழையில் இறந்தோர் நால்வர். இன்று எழுவர். அந்த மூவரும், அரை நாள் வேலைக்காகக் காத்திருந்த துப்பாக்கி என் முத்திரைக்குள் கிடந்த காலத்தில் இறந்தவர்கள். குதிரைக் குளம்போசை கேட்டால் எட்டாவது பெயரோ என்று வாயிலுக்கு ஓடுகிறேன்.

நேற்று முற்பகல் நெடுங்கழையிலிருந்து வேட்டுவச்சி செம்பி என்பவள் சாலைக்கு வந்தாள். அந்தத் துப்பாக்கியை ஏந்திக் காட்டுக்குள் செல்வதற்கென்று ஊரார் தேர்ந்த, குறி தவறாதவள் அவளே. ஆறாவதாக இறந்தவன் அவள் கணவன். நும் வணிகரின் விடைகளை எல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நம் பக்கத்து நியாயத்தையும் விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் சொன்னதை அவள் மொழியிலேயே எழுதுகிறேன்: "சாமி, அந்தத் துப்பாக்கிய எங்க ஊருக்குன்னு வாங்குனீங்களா, இந்த ஓலைக்குன்னு வாங்குனீங்களா? ஊருக்குன்னா குடுங்க, நான் போறேன். ஓலைக்குன்னா சொல்லிப்போடுங்க, ஊரக் காலி பண்ணிக்கறோம்."

முப்பது ஆண்டு அமைச்சனாக இருந்தவன், ஒரு வேட்டுவச்சியின் முன் தலை குனிந்து நின்றேன்.

அவள் மேலும் கூறியதாவது: காட்டில் ஒரே ஒரு குட்டையில் மட்டும் நீர் எஞ்சியிருக்கிறது, சிறுத்தை விடியலில் அங்கு வருகிறது, முழுமதி நாள் வரை அந்நீர் தாங்கும். அதன் பின் அவ்விலங்கு ஊர்க் கிணற்றை நாடி வீடுகளுக்கிடையே வரும். எவ்வழி வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த முழுமதிக்குத்தான் பதின்மூன்று நாள் உள்ளது.

ஆகவே இவ்வோலையோடு நும் வணிகரின் உத்தரவாத ஓலையையும் கட்டி அனுப்பியிருக்கிறேன். அதைக் குழுவிடமே ஒப்படைத்துவிடுக. எனக்கு மாற்றுத் துப்பாக்கி வேண்டா. செப்பனிட்டுத் தரவும் வேண்டா. பிழை எவருடையது என்ற வழக்கும் இன்றோடு முடிந்தது. கோடரிதான் நெளித்தது என்று அவர்கள் எழுதிவைத்துக்கொள்ள விரும்பினால் அதற்கும் நான் கைச்சாத்து இடுவேன்.

நான் வேண்டுவது ஓர் எண். சிறுத்தையை ஒரே குண்டில் வீழ்த்த வேண்டுமாயின் கலத்தில் ஆயிரம் முறை காற்றடிக்க வேண்டும் என்று குழுவின் பயன்பாட்டு ஓலை கூறுகிறது. உள்ளங்கை அகலம் நெளிந்த கலம் எத்தனை அடி தாங்கும்? மூன்று ஓலைகளிலும் இதைக் கேட்டேன். பழுதுற்ற கருவிக்கு எண் கூறினால் அது பொறுப்பேற்றது போலாகும் என்று குழு வாய் திறக்கவில்லை. குறைவாக அடித்தால் குண்டு விலங்கைக் காயப்படுத்தும். காயம்பட்ட சிறுத்தையின் எதிரே செம்பி நிற்பாள். மிகுதியாக அடித்தால் கலம் வெடித்து, அடிப்பவன் மேல் செம்புத் துண்டுகளாகப் பாயும். ஒரு முறை தாங்கியது மறுமுறை தாங்கும் என்பதற்கும் உறுதியில்லை என்கிறான் சாத்தன். அக்கலத்தை வார்த்த கம்மியர் நும் தீவில்தான் இருக்கிறார். அவரை அழைத்துக் கேட்டருள்க. அவர் சொல்லும் எண்ணுக்காக அவர் மேல் எப்பழியும் வாராது என்று எம் வேந்தரின் பெயரால் உறுதி கூறுகிறேன்.

துறைவரை விரைகுதிரையும் அப்பால் விரைகப்பலும் செல்லவும் மீளவும், காற்று துணை செய்தால், பன்னிரண்டு நாள் ஆகும். காற்று துணை செய்யாவிடினும் முழுமதி விடியலில் செம்பி குட்டைக் கரையில் இருப்பாள். அன்று காற்றடிப்பவன் நான். சாத்தன் முன்வந்தான், அவனை இழந்தால் இக்கருவியை அறிந்த வேறொரு கை எம் நாட்டில் இல்லை. செம்பி முன்வந்தாள், அவள் குறி பார்க்க வேண்டியவள். எனக்கு மாற்றாக எம் வேந்தரிடம் அமைச்சர்கள் பலர் உள்ளனர். நும் எண் வந்தால் அத்தனை அடிப்பேன். வாராவிடில் ஆயிரம் அடிப்பேன். அஞ்சுகிறேன், தேவியாரே, அதை எழுதுவதில் இழிவொன்றும் இல்லை.

இனி எம்மவர்க்கு இட்ட ஆணைகள், தேவியாரும் அறிக. கொல்லன் சாத்தன் இன்று நண்பகலில் என் முத்திரையை உடைத்துப் பேழையைத் திறந்து, துப்பாக்கியின் திருகுகளைக் கழற்றி, புதிய தோல் வளையம் பூட்டக் கடவன். அவன் கையை எவரும் தடுக்கலாகாது. இவ்வோலை கொண்டு செல்லும் கப்பல் தலைவன் வணிகர் குழுவின் வாயிலில் ஒரு நாழிகையும் நில்லாது, நேரே அரண்மனை வாயிலை அடையக் கடவன். விடை பெறாமல் பாய் விரிக்கலாகாது. கடம்பவரை நாட்டு வேந்தரின் கடம்பமலர் இலச்சினை இட்டு, வளர்பிறை இரண்டாம் நாள், நெடுங்கழைக் குடிகள் அறிய இவ்வோலை முடிக்கப்பட்டது. தேவியாரின் கோல் வாழ்க, குடி வாழ்க, கடல் காக்க.

ஒன்று எழுத விடுபட்டது. விடை ஓலையை என் பெயருக்கு விடுக்க வேண்டா. கொல்லன் சாத்தன் பெயருக்கே விடுத்தருள்க. ஓர் அமைச்சன் பெயரிட்டு வரும் ஓலையை அவனையன்றி வேறெவரும் பிரிக்கலாகாது என்பது எம் நாட்டு வழக்கம். காற்று தாழ்த்தி, முழுமதி கழிந்து அந்த எண் வந்து சேருமாயின், அடுத்துக் காற்றடிக்கப் போகிறவன் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.