மாடிப்படி எந்தப் பக்கம் இருந்தது

அப்பா,

மழை பெய்தால் இந்தச் சுவர் மணக்கிறது. நீங்கள் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போடும்போது வருமே, அந்தப் பச்சைச் சீமெந்து மணம். நீங்கள் கட்டியவற்றிலேயே மிகச் சிறிய கட்டடத்துக்குள் இருந்து இதை எழுதுகிறேன். அகலம் இரண்டடி. முதுகை ஒரு சுவரில் சாய்த்தால் முழங்கால் மற்றச் சுவரில் முட்டுகிறது. டோச் லைற்றை வாயில் கடித்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

அம்மாவுக்குத் தெரியாது. "ஒண்டையும் எழுதி வைக்காத. பிடிபட்டா கடுதாசிதான் முதல்ல கதைக்கும்" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் போன வியாழக்கிழமை நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேறு யாருக்குச் சொன்னாலும் அதிலுள்ள விசேஷம் விளங்காது. அதைச் சொல்வதற்கு முதல் நாடகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த நாடகம் தொடங்கியபோது நாங்கள் கடல் பக்கத்துப் பழைய வீட்டில் இருந்தோம். எங்களிடம் ரீவி இல்லை. பக்கத்து வீட்டு மாமியின் விறாந்தையில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் கூடியிருக்கும். பெண்கள் முன்னுக்கு, பிள்ளைகள் நடுவில், வெட்கப்பட்ட ஆண்கள் இருட்டில். நீங்கள் மட்டும் வெட்கப்படாமல் முன்வரிசையில் இருப்பீர்கள். அழுவதற்காக அல்ல. நாடகத்து மருமகளை மாமியார் வீட்டை விட்டுத் துரத்திய அன்று ஒழுங்கையே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. நீங்கள் கையை உயர்த்தினீர்கள்.

"கொஞ்சம் பொறுங்க. இவ எந்த வாசலால போறா?"

"முன்வாசலால" என்றார் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"போன கிழமை அந்த வாசலுக்கால குசினிக்குள்ளதானே போனவங்க?"

"உங்களுக்கு இரக்கமே இல்லையா?" என்று அம்மா உங்கள் தொடையில் கிள்ளினார்.

"இரக்கம் இரிக்கு. ஆனா அந்தப் புள்ள தெருவுக்குப் போகல்ல கா. குசினிக்குள்ளதான் நிக்கிறா. பசிச்சாச் சாப்பிடுவா."

அன்றைக்கு மாமி உங்களுக்கு மட்டும் தேத்தண்ணி தரவில்லை.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும் என் கணக்குக் கொப்பியின் நடுத் தாளைக் கிழித்தீர்கள். நாடகத்து வீட்டின் படத்தை அதில் கீறிவிட வேண்டும் என்றீர்கள். நிலத்தில் பதித்த கற்களை எண்ண வேண்டியது என் வேலை. கல் ஒன்று ஓரடி என்று வைத்துக் கூடத்தின் அளவை எடுக்கலாம். ஆனால் யாராவது அழுதால் கமெரா முகத்துக்குப் போய்விடும், நிலம் தெரியாது. நாடகத்தில் எல்லோரும் எப்போதும் அழுதார்கள். ஒரு கூடத்தை அளந்து முடிக்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது.

அளந்து முடித்த கிழமை மாடிப்படி இடம் மாறியது. இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் வந்துவிட்டது. நீங்கள் இரவு சாப்பிடவில்லை.

"அது செட்டு. அட்டை" என்றார் அம்மா.

"அட்டையெண்டாலும் அளந்துதானே வெட்டோணும்?"

சரி, மாறாத ஒன்றை வைத்து அளப்போம் என்று மாலை போட்ட தாத்தாவின் படத்தைப் பிடித்தோம். அடுத்த மாதம் நாடகத்தில் இன்னும் இரண்டு பேர் செத்தார்கள், மூன்று படமாயிற்று, மூன்றும் வேறு சுவருக்குப் போயின. மகன் படியேறி மேலே போனான். இறங்கி வந்தது சாமியறைக்குள்ளிருந்து. மேல்மாடி கீழ்வீட்டை விடப் பெரிதாக இருந்தது. கொப்பியில் நாலு வீட்டுப் படங்கள் சேர்ந்தன, ஒன்றுக்கும் ஒன்று ஒட்டவில்லை. கடைசியில் நீங்கள் கண்டுபிடித்த காரணம் இது: "மேசன் மாறியிரிக்கான். முதல் மேசனுக்குக் கூலி குடுத்திருக்க மாட்டாங்க."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் சீதன வீடு பெண்பிள்ளைக்குத்தான். நான் பிறந்த கிழமையே நீங்கள் எனக்கென்று கல் அறுக்கத் தொடங்கியதாக அம்மா சொல்வார். அதனால் என்னையும் அளக்கப் பழக்கினீர்கள் என்று நினைக்கிறேன். "நாளைக்கு உன்ட வீட்டுக்குள்ள நிண்டுகொண்டு சாமியறை எங்க எண்டு தேடக் கூடாது."

பிறகு கடல் வந்தது. வாவிப் பக்கம் ஓடினோம், மூன்று பேரும் தப்பினோம். ஒழுங்கையில் பாதிப் பேர் தப்பவில்லை. அதை எழுத எனக்குக் கை வராது. எழுதக்கூடியது மாமியின் ரீவியைப் பற்றித்தான். அது வாவிக்கரைச் சேற்றில் நிற்கும் கண்ணா மரங்களுக்குள் நிமிர்ந்து இருந்தது. மாமி அதைக் கொண்டுவந்து ஒரு கிழமை வெயிலில் காயவைத்து, ஒவ்வொரு நாளும் தட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது. நீங்கள் அதற்குள் என்னைக் கூட்டிப்போய், இல்லாத வாசலால் நுழைந்து, இல்லாத சுவர்களைச் சுற்றி நடந்து, "இது குசினி, இது உன்ட அறை" என்றீர்கள். ஒரு சுவருக்குள்ளாலும் நீங்கள் நடக்கவில்லை.

பள்ளிக்கூடத்து முகாமுக்கு யாரோ ஒரு ரீவி கொண்டுவந்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு நாடகம் பார்த்தோம். அந்த வீட்டில் மேல்மாடியே இல்லை. படியும் இல்லை. நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "இவங்களுக்கும் அடிச்சிட்டு."

முதலில் மாமி சிரித்தார். அவர் கடலுக்கு மகனைக் கொடுத்தவர். அவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். அந்த முகாமில் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

வாவிப் பக்கம் நிறுவனம் கட்டித் தந்த சுனாமி வீடுகளில் எங்களுடையது பதினாறாவது. எல்லா வீடும் ஒரே அச்சு. எங்கள் வீட்டுக்கு நீங்களே மேசன் என்பதால் கூலியும் கிடைத்தது, அதில் ஒரு சின்ன ரீவி வாங்கினீர்கள். நிம்மதியாக ஒரு வருடம்கூட இருக்கவில்லை. சண்டைக்குப் பிள்ளை பிடிக்கத் தொடங்கினார்கள். யார் என்று இந்தக் கொப்பியில் எழுதமாட்டேன். மூன்றாம் வரிசையில் என் வயதுப் பிள்ளை ஒருத்தியைப் பின்னேரம் கிணற்றடியில் வைத்துக் கொண்டுபோனார்கள். அன்றிரவு நீங்கள் நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். படி மறுபடியும் இடப்பக்கம் வந்திருந்தது. நான் சொன்னேன். நீங்கள் அம்மாவின் பக்கம் திரும்பினீர்கள்.

"எத்தின வருஷமா இத முழு ஊரும் பார்க்குது?"

"நாலு இரிக்கும்."

"நாலு வருஷமா சுவர் அங்கயும் இஞ்சயும் ஓடுது. நானும் இவளும் தவிர ஒரு சனம் கண்டுபிடிச்சதா?"

அடுத்த நாளே வேலையைத் தொடங்கிவிட்டீர்கள். என் அறையின் கடைசிச் சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர். சத்தம் கேட்காமல் இருக்க ரீவியைக் கூட்டி வைத்துக் கல் வைத்தீர்கள். கீழே ஒரு ஓட்டை, அதை மூடி அலுமாரி, அலுமாரியின் பின்பலகையில் இழுத்தால் திறக்கும் துண்டு. இரவில் நாய் குரைத்தால் அம்மாவின் சீலைகளுக்குக் கீழால் நான் ஊர்ந்து போக வேண்டும். பூசி முடிந்ததும் ஒழுங்கைச் சனத்தைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு அறைக்குள் விட்டு, "என்னவும் மாறியிரிக்கா?" என்று கேட்டீர்கள். மாமி சுற்றிப் பார்த்தார். "யன்னல் சீலை புதிசா?" மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அந்த யன்னல் சீலை முகாமில் தந்தது.

நிறுவனத்து ஐயா அளவு நாடாவோடு வந்த அன்றுதான் மாட்டியிருப்போம். அவர் அறையை இரண்டு தரம் அளந்தார். "மேசன் பாஸ், இரண்டரை அடி குறையுதே."

"சீமெந்து காயக் காய இழுக்கும் ஐயா. இஞ்ச உப்புக் காத்து."

அவர் அதை எழுதிக்கொண்டு போனார். நீங்கள் குசினிக்குள் போய்ச் சிரித்தீர்கள். "கம்பஸ் போய்ப் படிச்ச ஆள் கா" என்று அம்மாவிடம் சொன்னீர்கள், கொஞ்சம் கவலையோடும்.

நாலு மாதம் கழித்து, களுவாஞ்சிக்குடியில் ஒரு கடைக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாரத்திலிருந்து இறங்கினீர்களாம். இறங்கி, சாந்தகப்பையைக் கழுவி வைத்துவிட்டு இருந்தீர்களாம். அவ்வளவுதான். செத்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அம்மாவின் காதுக்குள் கேட்டார்கள்.

"ஆரு?"

"ஆருமில்ல கா. நெஞ்சுவலி."

"ஓம் ஓம். அப்பிடித்தான் சொல்லோணும்."

எட்டாம் நாள் வரை அம்மா எல்லோருக்கும் ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டிக்கொண்டிருந்தார். துண்டைப் பார்த்தும் தலையை ஆட்டிவிட்டுத்தான் போனார்கள். நீங்கள் சாதாரணமாகச் செத்தீர்கள் என்பதை இந்த ஊர் இன்னும் நம்பவில்லை.

இனி வியாழக்கிழமை.

நாடகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நாய்கள் குரைத்தன. நான் சீலைகளுக்குக் கீழால் உள்ளே போனேன். நீங்கள் சொன்னபடி அம்மா ரீவியை அணைக்கவில்லை. என் இருமலை அது மூடும். மூன்று பேர். இரண்டு பேர் குசினிக்கும் கிணற்றடிக்கும் போனார்கள், ஒருவன் கூடத்தில் நின்றுவிட்டான். நிற்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், சத்தம் இல்லை. பிறகு அவன் குரல் கேட்டது.

"அக்கா, இந்தப் படி மற்றப் பக்கமல்லோ இருந்த?"

எங்கள் வீட்டில் படியே இல்லை. அவன் நாடகத்தைக் கேட்கிறான் என்று உடனே விளங்கிவிட்டது. அப்பா, அன்று எனக்கு வந்த பயம் கடல் வந்தபோதும் வரவில்லை. உலகத்தில் உங்களையும் என்னையும் தவிர அதைக் கண்டுபிடித்த மூன்றாவது ஆள், எங்கள் கூடத்தில் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான்.

"எந்தப் படி தம்பி?"

"அந்த வீட்டுப் படி. போன மாசம் இவ இந்தப் பக்கத்தால இறங்கி வந்தவ."

"எனக்குத் தெரியா தம்பி. எங்கட வீட்டுக்காரர் இருந்தாச் சொல்லியிருப்பார்."

"அவர் என்ன வேலை?"

"மேசன்" என்றார் அம்மா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாராம்.

அவன் வெளியே போனான். அறைச் சுவர் நெடுக ஓர் ஆள் நிதானமாக நடப்பது கேட்டது. நானும் கூடவே எண்ணினேன், பழக்கம் விடவில்லை. ஆறு காலடி. பிறகு உள்ளே வந்து, அறை வாசலிலிருந்து நடந்தான். ஐந்தாவது காலடியில் அலுமாரி முட்டியது. அங்கேயே நின்றான். அலுமாரிக் கதவு திறந்தது. சீலைகள் அசைந்தன. எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு பலகை. நான் வாயைப் பொத்தவில்லை, கை எழும்பவில்லை.

"அண்ணன், என்னவும் இரிக்கா?" என்று முற்றத்திலிருந்து ஒருவன் கேட்டான்.

"ஒண்டுமில்ல. சீலைதான் கிடக்கு."

கதவு மூடிற்று. போகும்போது அம்மாவிடம் சொன்னானாம்: "அக்கா, அலுமாரி நிக்கிற சுவர் மட்டும் நிறம் வேற. முழு அறைக்கும் ஒரே சுண்ணாம்பா அடிச்சு விடுங்க. வடிவா இரிக்கும்."

அம்மாவும் மாமியும் அந்த இரவே சுண்ணாம்பு கரைத்தார்கள். மாமிக்கு அப்போதுதான் விசயம் தெரிந்தது. "இவ்வளவு நாளும் எனக்கே காட்டல்லியே அந்த மனிசன்" என்று உங்களைத் திட்டித் திட்டிச் சுண்ணாம்பு அடித்தார். அம்மா, அவன் முன்பு பெயின்ற் வேலை செய்தவனாக இருப்பான், நிறத்தைத்தான் சொன்னான் என்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. அவனுக்கும் அளக்கத் தெரியும். அவன் யாரிடம் பழகினான், ஏன் விட்டான், திரும்பி வருவானா, எனக்குத் தெரியாது. வந்தால் நன்றி சொல்வதா, மூச்சை அடக்குவதா என்றும் தெரியாது. இப்போதைக்கு ஒவ்வொரு இரவும் மூச்சை அடக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் வெளியே காலடி எண்ணுகிறேன், உள்ளேயும் எண்ணுகிறேன். இதை என்னால் விட முடியவில்லை. நேற்றுப் பகல் அம்மாவோடு ஒரு வீட்டுக்குப் போனேன். எந்த வீடு என்று எழுதமாட்டேன். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வீடு. அவள் கொழும்புக்குப் போய்விட்டாள் என்று ஒரு மாதமாகப் பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை. நடு அறையில் ஒரு காலடி குறைந்தது. குறைந்த பக்கத்தில் நெல்மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். பிறகு மூட்டைகளைப் பார்த்து, கணக்கில் மூன்று பாடம் முடிந்துவிட்டது என்றும், எந்தெந்தப் பக்கங்கள் என்றும், விஞ்ஞான ரீச்சர் இன்னும் இரத்தச் சுற்றோட்டத்திலேயே நிற்கிறார் என்றும் சொன்னேன்.

"ஏன் புள்ள இவ்வளவு சத்தமாக் கதைக்கிறாய்?" என்று அவளுடைய அம்மா கேட்டார்.

"தொண்டை சரியில்ல மாமி" என்றேன். பக்க இலக்கங்களை இன்னொரு தரம், ஆறுதலாகச் சொல்லிவிட்டு வந்தேன்.