சொல்லாத ஆமென்

கண்ணம்மா,

நேற்று நிச்சய ஜெபம் முடிந்ததும் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். என் வாய் மட்டும் அசையாததை நீ பார்த்துவிட்டாய். “ஏம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?” என்று கேட்டாய். தலையாட்டி வைத்தேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை.

அச்சகத்தில் இந்த வாரம் வேத அகராதிக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். ஆமென் எபிரெயச் சொல்லாம். உறுதியானது, நம்பிச் சாயலாம் என்கிற வேரிலிருந்து வந்ததாம். இத்தனை வருஷமாக ஜெபம் முடிந்தது என்று சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். இல்லை. அடுத்தவர் சொன்னதற்கு நானும் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுவது அது.

எங்கள் கல்யாணத்தில் உன் அப்பா பக்கத்தில் நின்று நானும் யோசிக்காமல் ஆமென் சொன்னவள்தான். மீதியைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டு வளர்ந்தவள் நீ.

நேற்று நான் கண்ணை மூடவில்லை. மேசைக்கடியில் மாப்பிள்ளை உன் மணிக்கட்டை விரல் வெளுக்கும் அளவுக்கு முறுக்கிப் பிடித்திருந்தார். விட்டதும் நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். என்னுடையது.

சனிக்கிழமை கல்யாணத்தில் போதகர் மறுபடி ஜெபிப்பார். ஆமெனுக்கு முன்னால் ஒரு மூச்சு அளவு இடைவெளி வரும். நீ வாயைத் திறக்காமல் திரும்பிப் பார்த்தால் போதும். கதவோரம் நிற்பேன், கார் சாவியோடு.

அம்மா