பைன் நிழலுக்குள் மின்னா

ட்ரெஸ்டன், 1824 ஜூலை 9

பைன் மர நிழலின் கருமை போதவில்லை. தார் கலந்த பழுப்பு வண்ணத்தை இன்னொரு முறை பூசினேன். இந்த ஊர் ஓவியர்கள் எல்லோருக்கும் இந்தத் தார்மேல் பைத்தியம். அந்த ஆழம் வேறெந்த வண்ணத்திலும் வருவதில்லை. நிழலுக்குக் கீழே சிவப்புத் தொப்பியோடு, முதுகைக் காட்டியபடி மின்னா. போன குளிர்காலத்தில் காய்ச்சலில் போன என் மகள். முகத்தை வரைய எனக்குத் தைரியமில்லை.

ஜூலை 10

ஆகுஸ்டா படத்தைப் பார்த்தாள். "அவ தொப்பி எப்பவும் ஒரு பக்கம் சரிஞ்சில்ல இருக்கும்?" என்றாள். பிள்ளை போன பிறகு என் மனைவி அவளைப் பற்றிப் பேசியது இதுவே முதல் முறை. தொப்பியைச் சரித்து வரைந்தேன்.

ஆகஸ்ட் 3

கண்காட்சி திறந்தது. அரண்மனை என் படத்தை வாங்கினால் கலைக்கழகத்தில் நிலக்காட்சி ஓவியம் கற்பிக்கும் வகுப்பு எனக்குத்தானாம். இத்தனை வருடமாகக் காத்திருக்கும் வேலை. ஆனால் மின்னா கைவிட்டுப் போய்விடுவாள் என்று ஆகுஸ்டாவிடம் எப்படிச் சொல்வது? படத்தை ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறார்கள். நல்ல வெயில் விழுகிறது.

ஆகஸ்ட் 8

ஐயோ, நிழல் வழிகிறது. தார் காயவே இல்லை — காயும் என்று எப்படி நம்பினேன்? தொப்பியைத் தொட்டுவிட்டது. துடைத்தால் பிள்ளையும் சேர்ந்து வந்துவிடுவாள்.

ஆகஸ்ட் 9

தொப்பி போய்விட்டது.

ஆகஸ்ட் 11

இப்போது ஆளே தெரியவில்லை. இன்றுதானா அரண்மனைப் பிரபு வரவேண்டும்! "ஒரு மனுஷன்கூட இல்ல பாருங்க, என்ன தனிமை! இதையே எடுத்துக்கறோம்" என்றார். பக்கத்தில் நின்ற ஆகுஸ்டா, "மின்னா எங்கங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் தலையசைத்தால் போதும், வேலை கையில். என் வாய் என்னவோ, "இன்னும் காயலீங்க, தர முடியாது" என்றது.

"காயாத படத்தையா கொண்டாந்து மாட்டினீங்க?" என்றார் பிரபு. கூடமே சிரித்தது.

ஆகஸ்ட் 20

வகுப்பு என் சக ஓவியன் ப்ரெஸ்லருக்குப் போய்விட்டது. போகட்டும். இல்லை, வயிறு எரிகிறது. சாயங்காலம் அவனே வீட்டுக்கு வந்தான். "டேய், என் படமும் வழிஞ்சுதுடா, வெளிய சொல்லல. தலைகீழா மாட்டிச் சூடு காட்டு, வந்த வழியே திரும்பும். சூடு ஜாஸ்தியாச்சுன்னா வண்ணம் அம்புட்டும் வெடிச்சு உதிர்ந்திடும், பாத்துக்க" என்றான். பாவி, நல்லவன்.

அக்டோபர் 17

அடுப்புக்கு எதிரே படம் தலைகீழாகத் தொங்குகிறது. விருந்தாளிகள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு வானிலையைப் பற்றிப் பேசுகிறார்கள். மின்னாவின் கால் வந்துவிட்டது, தோள் வந்துவிட்டது. ஆகுஸ்டா விறகு வைப்பாள், நான் எடுப்பேன்.

"அவளுக்குக் குளிருங்க."

"வெடிச்சிடும்டி!"

தினமும் இதே சண்டை. பயம் எனக்கு மட்டும்தானா?

நவம்பர் 30

சூப் ஆறிப்போனது. ஆகுஸ்டா நாற்காலிமேல் ஏறி, கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இங்க வாங்களேன்" என்றாள். தோளை ஒட்டி நூலளவு சிவப்பு.

"சரிஞ்சுதான் இருக்கு" என்றாள். பிறகு இறங்கி, விறகுக் கூடையை அவளே வெளியே கொண்டுபோய் வைத்தாள்.