அப்பாவின் ஸ்லைடு

செவ்வாய், இரவு.

காலேஜ் பிராக்டிகலுக்காகக் காலையில் அப்பாவின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்துக் கொண்டுபோனேன். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள்.

"ஈய விஷம் ஏறின ரத்தம். எவ்ளோ தெளிவா இருக்கு பாருங்க" என்று மேடம் வகுப்பையே கூப்பிட்டுக் காட்டினார். யாருடையது என்று கேட்டார். தெரிஞ்சவங்க என்றேன்.

அப்பா கும்மிடிப்பூண்டி கம்பெனியில் பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கிறார். என் காலேஜ் ஃபீஸ் அதிலிருந்துதான்.

வேலை முடிந்து வந்ததும் கேட்டார். "இன்னாம்மா, என் ரத்தம் எப்டி கீது?"

"மேடம் பாராட்டினாங்கப்பா."

அவருக்கு ஒரே பெருமை. "வேணும்னா இன்னும் எடுத்துக்கோ" என்று விரலை நீட்டிக்கொண்டு நின்றார்.

நாளை அவருக்கு முதல் ஷிஃப்ட். டிபன் கட்ட நாலு மணிக்கு அலாரம் வைத்துவிட்டேன்.