இரண்டாவது குமிழ்

ஜூன் 4

அன்புள்ள மெக்கானிக் அம்மாவுக்கு,

நலமா? பார்சலைப் பிரித்ததும் திட்டாதே. கடையில் உனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும், இதில் என் கிதாரின் வால்வு ஆம்ப்ளிஃபயர் வேறு. ஆனால் இதன் வயிற்றைத் திறந்து பார்த்த ஒரே ஆள் நீதான்.

அக்கா வீட்டில் எனக்குப் பின்னறை. வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் கட்டில். காலை நீட்டினால் கதவு திறக்காது. அத்தானுக்கு நைட் ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். இருட்டினால் அக்கா மகளுக்குப் படிப்பு. கிதாரை எடுத்தாலே அக்கா வந்து, "மெதுவாடா" என்கிறாள். மெதுவாக வைத்தால் அந்தக் கரகரப்பு எங்கே வரும்? கரகரப்பை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் குறைக்க மாஸ்டர் வால்யூம் என்று இன்னொரு குமிழ் வைக்கலாமாமே? வைத்துத் தருவாயா?

இன்னமும் உன் வீட்டுக்காரன்
(இந்த வரி பிடிக்காவிட்டால் பேனாவால் அடித்துவிடு)

ஜூன் 15

வணக்கம். நலம். அடிக்கவில்லை.

'வைக்கலாமாமே' என்கிறீர்கள். ஒரே வீட்டில் இருந்தபோது, தலைவலியில் கண் திறக்க முடியாமல் நான் கேட்டதும் இதைத்தான். "ஒரு குமிழ் வச்சுத் தரேங்க, சத்தம்தான் குறையும்." "என் ஆம்ப்ல கைய வைக்காதே"ன்னீங்க. போகட்டும்.

யாரும் செருகாத இரண்டாவது இன்புட்டைக் கழற்றி, அந்த ஓட்டையிலேயே புதுக் குமிழைப் பொருத்திவிட்டேன். புதிதாகத் துளை போடவில்லை. பழைய குமிழை முழுக்கத் திருகுங்கள். முன்னால் உள்ள வால்வுகள் கரகரக்கட்டும். புதுக் குமிழைத் துளி திறந்தால் போதும். கடைசி வால்வுகளுக்குப் போவதை அது அடக்கும்.

கடை கிதாரை மாட்டிப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் தன்பாட்டுக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தார். சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

மெக்கானிக்

ஜூன் 24

குட்டிம்மா,

அந்தக் கடைசி வரிக்காகவே உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

ஆம்ப் பிரமாதம்! அத்தான் தூங்கும்போதே வாசித்தேன், குறட்டை நிற்கவில்லை. ஆனால் அக்கா வந்துவிட்டாள். "சத்தத்தையே காணோம், கதவ சாத்திக்கிட்டு என்னடா பண்ற?" இனி கதவு திறந்தே இருக்க வேண்டுமாம். சத்தம் வந்தாலும் தப்பு, வராவிட்டாலும் சந்தேகம். மூச்சு முட்டுகிறது.

நான் வந்துவிடட்டுமா? குமிழை எந்த அளவில் வைப்பது என்று நீயே சொல், அதைத் தாண்ட மாட்டேன். பெட்டி கட்டிவிட்டேன்.

உன்

ஜூலை 9

வணக்கம்.

பதில் தாமதமானது கோபத்தால் இல்லை. பெட்டியைப் பிரித்துவிடுங்கள், அல்லது வேறு அறை பார்த்துக்கொண்டு போங்கள். அக்கா வீட்டில் இருக்க வேண்டாம் என்றுதான் எனக்கும் படுகிறது.

கடை மாடியில் குடியிருக்கிறேன். தலைவலி வந்து நாளாகிறது. நீங்கள் அடக்கி வாசிப்பீர்கள், நம்புகிறேன். ஆனால் எப்போது கூடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே நான் உட்கார்ந்திருப்பேன். அந்த இருப்பு இனி என்னால் ஆகாது. பிடித்தது என்று எழுதினேன், கூப்பிடவில்லை.

வால்வு போனால் உங்கள் பக்கத்திலேயே யாரிடமாவது காட்டுங்கள். நான் செய்த மாற்றத்தையெல்லாம் படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன், வேலை தெரிந்த யாருக்கும் புரியும். எனக்கு அனுப்ப வேண்டியதில்லை.